பசை காயுமுன்

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அவளைக் கோந்து என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவர் டிங்கர் அண்ணன். நசுங்கிய கதவுகளைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. தட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில் யாரையாவது வம்புக்கு இழுப்பார். "அதுகிட்ட வாயக் குடுத்தா ஒட்டிக்கும். அப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும்" என்பார். வண்டிகளுக்குக் கண்ணாடி ஒட்டுவதுதான் அவள் தொழில் என்பதால் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

ஒர்க்‌ஷாப் அவளுடைய அக்கா புருஷனுடையது. அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போனபின் அக்கா வீட்டுக்கு வந்து முடங்கிக் கிடந்தவளை, "சுவத்தையே பாத்துட்டு இருந்தா சோறு இறங்குமா? வந்து கடையில உக்காரு" என்று அத்தான்தான் இழுத்துக்கொண்டு போனார். வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் போன் எடுக்கவும்தான் அழைத்துப் போனார். அவள் கண்ணாடிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. அத்தான் அவளைப் பற்றி வெளியில் பேசும்போது "என் மச்சினிச்சி ஒட்டின கண்ணாடியில தண்ணி விட்டுக் காட்டச் சொல்லுங்க பாப்போம்" என்று மார்தட்டுவார். நல்ல மனிதர்தான். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். எல்லா வண்டியையும் எடுத்துக்கொள்வார், எல்லோருக்கும் நாளைக்கே என்பார்.

அன்று வந்த கார் அந்தத் தெருவில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத ரகம். நீளமாக, கறுப்பாக, சத்தமே இல்லாமல் உள்ளே வந்து நின்றது. கூரை முழுக்கக் கண்ணாடி. முன்பாதி திறந்து மூடும், பின்பாதி அசையாது. அந்தப் பின்பாதிதான் நொறுங்கிப்போயிருந்தது. மேல் மாடிப் பூனை ஒன்று பூந்தொட்டியைத் தள்ளிவிட்டதாம். கார்க்காரர் அதைச் சொன்னபோது தாமே சிரித்துவிட்டார். நரை தொடங்கிய, அமைதியான மனிதர். ஓட்டையின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஓரங்களை டேப்பால் சுற்றி, ஏதோ பார்சல் கட்டுவதுபோல் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"பூனை என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார் டிங்கர் அண்ணன்.

"அது நல்லா இருக்கு. தினமும் பால்கனியில உக்காந்து என்னையே பாக்குது."

அவர் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததால் புதுக் கண்ணாடி முந்தின நாளே வந்து சேர்ந்திருந்தது. கோந்து காலையிலேயே வேலையை ஆரம்பித்தாள். உடைந்த கண்ணாடி பட்டாணி பட்டாணியாக எங்கும் சிதறிக் கிடந்தது. சீட்டின் தையலில், பெல்ட் நுழையும் இடுக்கில், வெயில் மறைக்கும் திரை சுருளும் குழலில் எல்லாம் இருந்தது. வேக்குவம் போட்டு இழுத்தாள், பிறகு விரலால் தடவிப் பார்த்தாள், மறுபடியும் இழுத்தாள். பழைய பசையை மெல்லிய கம்பியால் அறுத்தெடுத்து, விளிம்பைச் சுத்தம் செய்து, பசை நன்றாகப் பிடிப்பதற்கான கறுப்பு பிரைமர் பூசினாள். அது உலர்ந்ததும் துப்பாக்கி மாதிரி இருக்கும் பசை கன்னில் பசையை ஏற்றி, எங்கும் விட்டுப்போகாமல் ஒரே கோடாகச் சுற்றிலும் இழுத்தாள். கண்ணாடியைத் தூக்க டிங்கர் அண்ணனை அழைத்தாள். ஆளுக்கொரு பக்கம் உறிஞ்சு கப்பை ஒட்டிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மெதுவாக இறக்கி வைத்தார்கள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

இந்தக் கண்ணாடிக்கு ஆணி கிடையாது, நட்டு கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பசை ஒன்றுதான். சீக்கிரம் காய்கிற பசை தீர்ந்துபோயிருந்ததால் அவள் மெதுவாகக் காய்கிறதைத்தான் போட்டிருந்தாள். அதை முன்கூட்டியே அத்தானிடம் சொல்லியுமிருந்தாள். அன்று குளிர் வேறு. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தும் தரையிலிருந்து ஜில்லென்று ஏறியது. மறுநாள் காலை வரை வண்டி அசையக்கூடாது என்று அவள் சொன்னதற்கு, "நாளைக்குத்தானே வரச் சொல்லியிருக்கேன், அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்று அத்தான் தலையாட்டினார்.

அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது கார்க்காரர் ஒரு டாக்ஸியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். டாக்ஸியின் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"வண்டி குடுங்க. நான் கிளம்பணும்."

"சார், நாளைக்கு..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

"அப்பாவுக்கு முடியல. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. உடனே வரச் சொல்றாங்க." வேறு ஊர், தூரம், இந்த டாக்ஸிக்காரன் அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்கிறான், வேறு கூப்பிட்டால் எப்போது வருமோ. அவர் பேசியது பாதி புரிந்தது, பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அத்தான் கோந்துவைத் திரும்பிப் பார்த்தார்.

"முடியாது அத்தான். பசை இன்னும் பிடிக்கவே இல்ல. மேலாப்புலதான் காஞ்சிருக்கு."

"மெதுவா போனா?"

"மெதுவா போனாலும்தான். நம்ம வேனக் குடுங்க அத்தான். அவரு அதுல போகட்டும்."

அத்தான் மென்று விழுங்கினார். வேன் மத்தியானம் வேண்டும், வேறொரு வண்டிக்கு முன் கண்ணாடி எடுத்துவர வேண்டும், அந்த ஆளுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "அவரு மூஞ்சியப் பாரு. அப்பா சாகக் கிடக்கிறாரு. இந்த நேரத்துல பசை காயலன்னு சொல்ல எனக்கு வாய் வரல. டேப்ப நல்லா போட்டு விடு. இதுக்கு முன்னாடி இப்படி ஒண்ணும் குடுக்காமலா இருந்திருக்கோம்?"

"அது முன் கண்ணாடி. காத்து அத உள்ள தள்ளும். இது கூரை. காத்து வெளிய இழுக்கும்."

"கோந்து, போதும். ஒட்டிக்காத."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பிறகு எத்தனையோ தடவை அவள் நினைத்துப் பார்த்தது அந்த இடத்தைத்தான். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்திருக்கலாம். ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். கத்தியிருக்கலாம். அவள் செய்ததோ, அலமாரியைத் திறந்து டேப் சுருளை எடுத்ததுதான்.

கண்ணாடியின் குறுக்கே வரிசையாக டேப்பை இழுத்து ஒட்டினாள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துவிட்ட கார்க்காரரிடம் குனிந்து சொன்னாள்: "சார், கேளுங்க. வேகமா போகாதீங்க. பெரிய ரோட்டுப் பக்கமே போகாதீங்க, ஊருக்குள்ளயே போங்க. ஜன்னல் கொஞ்சம் இறங்கி இருக்கட்டும். கதவ அடிச்சுச் சாத்தாதீங்க, உள்ள அடைபட்ட காத்து கண்ணாடியத் தூக்கிடும். கேக்குதா சார்?"

அவர் தலையாட்டினார். கேட்கவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. கண்கள் முன்னால் எங்கோ இருந்தன. இருந்தும் சாவியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு கதவைப் படாரென்று சாத்தினார்.

செய்தி வந்தபோது அத்தான் வேனோடு வெளியே போயிருந்தார். போனை எடுத்தவள் அவள்தான். பேசியவர் போலீஸ்காரர். கடையின் பெயரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பெரிய ரோட்டில் போய்க்கொண்டிருந்த காரின் கூரைக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்து, பின்னால் பைக்கில் வந்த ஒருவர் மேல் விழுந்துவிட்டதாம். "ஆள் இருக்காரா சார்?" என்று அவள் கேட்டாள். "ஸ்பாட்லயே" என்றார் அவர்.

அவள் போனைப் பிடித்தபடியே நின்றாள். டிங்கர் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

செத்துப்போனவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஓரிடத்தில் வேலை முடிந்து வேறொரு இடத்தில் கோளாறு பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், தம் வரிசையில்தான் போனார். மறுநாள் பத்திரிகையில் சின்னதாக வந்த படத்தில் காதுகள் கொஞ்சம் பெரிதாக, போட்டோ எடுக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தார். கல்யாணம் ஆனவர். குழந்தைகள் இல்லை.

அத்தான் அன்றைக்கு வேனிலிருந்து இறங்கியதும் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தார். அதை அவள் பார்த்தாள். அவருக்கு உறைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பயம் வந்து உட்கார்ந்துவிட்டால் மனுஷன் வேறு ஆளாகிவிடுகிறான். அடுத்த நாள் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் அவளை உள்ளே ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. நான் உள்ள இருந்தேன். போன்ல பேசிட்டு இருந்தேன். வெளிய வந்து பாத்தப்போ வண்டி போயிடுச்சு. நீ பரிதாபப்பட்டுச் சாவியக் குடுத்துட்ட. அவ்வளவுதான்."

அவள் அவரையே பார்த்தாள்.

"சாவியக் குடுத்தது நீதானே? பொய்யா அது?"

"பொய்யில்ல."

"அப்புறம் என்ன? உனக்குப் பெரிசா ஒண்ணும் வராதுன்னு வக்கீல் சொல்றாரு. நீ வேலைக்காரிதானே, முதலாளி இல்லயே. எனக்கு வந்தா கடையே போயிடும், டிங்கருக்கும் சோறு போயிடும். நல்லா யோசிச்சுப் பாரு."

தானே யோசித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, யோசிக்க விடாமல் அக்காவை அனுப்பினார். அக்கா, வேலைக்குப் போன பிறகு கோந்து தனியாகக் குடியேறியிருந்த ஒற்றை அறைக்கு வந்தாள். வந்தவள் உட்காராமல் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கேட்கக் கூடாததைக் கேட்க வேண்டியிருந்தால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

"ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு" என்றாள், சட்டையைப் பார்த்தபடி.

"தெரியும்கா."

"அவரு உள்ள போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ஒரு வேலையும் தெரியாது. உனக்காச்சும் கைத்தொழில் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "உனக்குன்னு பின்னாடி யாரும் இல்லயே" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்பது அக்காவுக்கே தெரிந்தது. மடித்த சட்டையை மறுபடி உதறினாள். "நான் அப்படிச் சொல்ல வரல."

"பரவாயில்லக்கா. உண்மைதானே."

கோபம் வரவில்லை அவளுக்கு. கடைக்கு இழுத்துப் போனவர் அவர். இல்லையென்றால் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு இன்னும் எங்கே கிடந்திருப்பாளோ. அவருக்காக இதைச் செய்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அக்கா படியிறங்கும்போது "அத்தான் சொன்னபடியே சொல்லிடறேன்" என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விசாரணைக்கு முதல் நாள் அத்தான் அவளையும் டிங்கர் அண்ணனையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். யார் எங்கே நின்றார்கள், யார் எதைப் பார்த்தார்கள் என்றெல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் தெளிவு வந்தது. போனில் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பதுவரை வந்துவிட்டது. தாம் உள்ளேதான் இருந்தோம் என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் போலிருந்தது. கோந்து எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

கடைசியில் எழுந்தவர், சட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அந்த ஆளும் சும்மா வந்திருக்க மாட்டான். காரோட பின்னாடியே ஒட்டிட்டு வந்திருப்பான். வக்கீல் அதயும் கிளறிப் பாக்கறேன்னாரு."

டிங்கர் அண்ணன் தரையைப் பார்த்தார்.

"யாரு?" என்றாள் கோந்து.

"அதான், செத்தவன்."

அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். தன் தலையில் எதைக் கட்டினாலும் சுமக்கலாம் என்று இருந்தவளுக்கு, பேச வாயில்லாத ஒருவர் தலையிலும் கொஞ்சம் ஏற்றப் பார்ப்பது தாங்கவில்லை. பத்திரிகையில் பார்த்த அந்தப் பெரிய காதுகள் ஞாபகம் வந்தன. 'செத்தவன்' என்று அவ்வளவு லேசாக அவர் வாயிலிருந்து விழுந்ததைக் கேட்டபிறகு, சொல்லிக்கொடுத்த ஒரு வரியும் அவளுக்கு நினைவில் நிற்கவில்லை.

விசாரணை அறையில் ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. கேள்வி கேட்ட அதிகாரி ஒரு பெண். சளிபிடித்த குரலில் நிதானமாகக் கேட்டார். கோந்து நிதானமாகவே சொன்னாள். எந்தப் பசை போட்டாள், ஏன் போட்டாள், வண்டி எவ்வளவு நேரம் நிற்க வேண்டியது, எப்போது போனது.

"வண்டியக் குடுக்கச் சொன்னது யாரு?"

பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். திரும்பவில்லை.

"கடை முதலாளி. நான் வேணாம்னேன். அவரு குடுன்னாரு. டேப் ஒட்டினது நான். சாவியக் கையில குடுத்ததும் நான்தான். போகும்போதே கார்க்காரருக்கு நான் சொன்னது ஏறலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"ஏன் குடுத்தீங்க?"

இந்தக் கேள்விக்கு அவள் எதையும் தயார் செய்துகொண்டு வரவில்லை. "எல்லாரும் என்னப் பாத்துட்டு இருந்தாங்க" என்றாள். அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை.

கார்க்காரரையும் கூப்பிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாளில் நரை முழுதாகிவிட்ட மாதிரி இருந்தார். ரோட்டோரம் போலீஸ் அவரை நிறுத்தி வைத்திருந்த நேரத்திலேயே அவருடைய அப்பா போய்விட்டார். "அந்தப் பொண்ணு சொன்னாங்க, வாய் அசையறதப் பாத்தேன். ஒரு வார்த்தையும் உள்ள போகல. ஊருக்குள்ள போகத்தான் நெனச்சேன். கை தானா பெரிய ரோட்டுக்குத் திருப்பிடுச்சு" என்றார். யார்மேலும் அவர் பழி சொல்லவில்லை. டிங்கர் அண்ணனின் முறை வந்தபோது அவர் அத்தானைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் கையைக் குவித்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டார்.

வழக்கின் முடிவில் அத்தானுக்குச் சிறை. அவளுக்கு அபராதமும் எச்சரிக்கையும். கடையின் லைசென்ஸ் போயிற்று. கோர்ட் வராந்தாவில் அத்தானை அழைத்துப் போகும்போது அவர் அவளைக் கடந்துதான் போனார். திட்டியிருந்தால் தேவலை. "பிள்ளைங்க ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னா கொண்டுபோய் விடு" என்று மட்டும் சொன்னார், அது ஏதோ சாதாரண நாள் போல.

மறுநாள் காலையில் பிள்ளைகளை விடப் போனாள். அக்கா கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"நீ பொய் சொல்லியிருக்கணும்னு நான் சொல்லல" என்றாள் அக்கா. "சொல்லமாட்டேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம். உன் கையக் கண்ணுல ஒத்திக்கிட்டேனே. அத நெனச்சாத்தான் எனக்கு..." முடிக்கவில்லை. பிள்ளைகளைத் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதற்குப்பின் கோந்து போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

வீட்டு ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டுகிற ஓரிடத்தில் கோந்துவுக்கு வேலை கிடைத்தது. அங்கே சேர்ந்த பிறகு ஒரு விடுமுறை நாளில், லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். போகக்கூடாது என்று டிங்கர் அண்ணன் தலையால் அடித்துக்கொண்டார். "உன்னப் பாத்து அந்தம்மாவுக்கு என்ன ஆகப்போகுது? உன் பாரத்த இறக்கி வைக்க அங்க ஏன் போற?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இருந்தும் போனாள்.

பல மாடிக் குடியிருப்பில் ஒரு மூலை வீடு. கதவைத் திறந்த பெண்ணுக்கு இவள் வயதுதான் இருக்கும். கையில் வெங்காயம் உரித்த தோல் ஒட்டியிருந்தது. கோந்து தான் யாரென்று சொன்னாள். சொல்லி முடிக்குமுன்பே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. விசாரணை அறையில் பார்த்திருக்கிறாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவுமில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தாள். ஆனால் முதலில் பேசியது அந்தப் பெண்தான்.

"அது எவ்வளவு கனம் இருக்கும்?"

"என்னங்க?"

"அந்தக் கண்ணாடி. யாரும் சொல்லல எனக்கு. நானும் கேக்கல."

"ஒரு ஆளால தூக்க முடியாது. ரெண்டு பேர் வேணும்."

அந்தப் பெண் விரலில் ஒட்டியிருந்த தோலைக் கிள்ளி எடுத்தாள். "அப்போ வலிச்சிருக்காது" என்றாள். அதைக் கேள்வியாகத்தான் சொன்னாள்.

"வலிச்சிருக்காதுங்க" என்றாள் கோந்து. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

உள்ளேயிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது. "யாரும்மா வாசல்ல?"

மாமனாராக இருக்க வேண்டும். அந்தப் பெண் இவளை ஒரு நிமிஷம் மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததா, வெறுப்பு இருந்ததா என்று கோந்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாருமில்ல மாமா" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வீடு மாறி வந்துட்டாங்க."

கதவு சத்தமில்லாமல் மூடியது. கோந்து மாடிப்படியில் இறங்கினாள். வெளியே தெருவில் ஒருவர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று அவரிடம் விசாரித்துவிட்டு அந்தப் பக்கம் நடந்தாள்.